எங்கே பிடித்தாய் என்று கேட்கக் கூடாது

அந்த ஓடைக்கு ஒரு பெயர் இருக்கிறது. உங்களிடம் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். என் சொந்த அத்தை மகனிடமே சொன்னதில்லை. உங்களை எனக்கு எத்தனை நாளாகத் தெரியும்?

எங்கள் ஊர் அமெரிக்காவில் வெர்மான்ட் மலைப்பக்கம். யாருக்கு எந்தப் பல் சொத்தை, யார் வீட்டில் நேற்றுச் சண்டை, எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒன்று கேட்டால் கேட்காத ஒன்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் ட்ரௌட் மீனை எங்கே பிடித்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

“எங்க பிடிச்சே?”

“வாயில.”

தூண்டில் முள் மீனின் வாயில் மாட்டியது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. எங்கள் ஊரில் பால் பல் விழாத குழந்தைக்கும் இந்தப் பதில் தெரியும். தெரியாத ஒரே ஆள் என் வெண்டல் சித்தப்பா.

தெரியாது என்றில்லை. தெரியும். அவருக்கு வாய் நிற்காது, அவ்வளவுதான்.

நான் பிறப்பதற்கு முன்னால் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பெல்க்னாப் ஓடை என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். (அந்தப் பெயரைச் சொல்லலாம். இனி அங்கே ஒளிக்க ஒன்றும் இல்லை.) ஒரு செவ்வாய்க்கிழமை சித்தப்பா கடையில் காபி குடித்துக்கொண்டே அதை யாரிடமோ சொல்லிவிட்டார். சனிக்கிழமை அப்பா போனபோது பாலத்துப் பக்கம் பத்தொன்பது வண்டிகள் நின்றன. கோடை முடிவதற்குள் ஓடை காலி. இன்று வரை காலிதான்.

அன்றிலிருந்து அப்பா சித்தப்பாவோடு மீன் பிடிக்கப் போவதில்லை. பன்னிரண்டு வருடம். நவம்பரில் நன்றி நாள் விருந்தில் ஒரே மேசையில் உட்காருவார்கள். “இந்த வருஷம் பனி அதிகம்தான்” என்பார் அப்பா. “ஆமா அண்ணே, அதிகம்தான்” என்று ஆரம்பிக்கும் சித்தப்பா, அதோடு நாற்பது வாக்கியம் சேர்ப்பார். அப்பா தட்டிலிருக்கும் உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

மார்ச் மாதம் அப்பா காலை உடைத்துக்கொண்டார். அவர் மரம் வெட்டுகிறவர். இருபது வருடமாகக் காட்டில் ஒரு கீறல் விழாத மனிதர், தபால் பெட்டிக்குப் போகிற வழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். வந்திருந்த தபாலும் பற்பசை விளம்பரம்.

முதல் வாரம் சோபாவில் படுத்தபடி எல்லாவற்றையும் குறை சொன்னார். காபி சரியில்லை, தலையணை சரியில்லை, பக்கத்து வீட்டு நாய் சரியில்லை. இரண்டாவது வாரம் இன்னும் அதிகம். மூன்றாவது வாரம் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எது கொடுத்தாலும் “சரி” என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மீன்பிடி காலம் ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை ஆரம்பிக்கும். எட்டு வயதிலிருந்து அப்பா அந்தச் சனிக்கிழமை ஒன்றைக்கூட விட்டதில்லை. அன்று ஒரே ஒரு மீன்தான் கொண்டுவருவார். அதைச் சோள மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்தால்தான் எங்கள் வீட்டில் குளிர்காலம் முடியும். நான்கு வருடமாக நானும் கூடப் போகிறேன்.

“கோரா, தனியாத் தண்ணிப் பக்கம் போகக் கூடாது” என்றாள் அம்மா. ஏப்ரலில் பனி உருகித் தண்ணீர் இழுக்கும். அம்மாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. “வெண்டலுக்கு ஃபோன் பண்ணிட்டேன். அவர் கூட்டிட்டுப் போவார்.”

அப்பா கூரையிலிருந்து பார்வையை எடுத்தார். அம்மா சமையலறைக்குப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார். படுத்துக்கொண்டே செய்த, மீனை ஏமாற்றும் பொய்ப் பூச்சிகள் மூன்றை என் கையில் வைத்தார். சின்ன முள்ளில் கறுப்பு நூலும் சாம்பல் இறகும் சுற்றி, அசல் பூச்சி மாதிரியே இருந்தன.

“ஒரு மீன் போதும் கோரா. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல.”

“சரிப்பா.”

“ஆனா அவனுக்கு இடம் தெரியக் கூடாது.”

“அப்பா, வண்டி ஓட்டப் போறதே அவர்தான்.”

“ஆமா.”

“அவருக்குத் தெரியாம அவர் எப்படி ஓட்டுவாரு?”

“நீ கெட்டிக்காரி. ஏதாவது பண்ணுவே.”

பெரியவர்கள் இப்படித்தான். நடக்காத காரியத்தை நம் தலையில் கட்டிவிட்டு, கெட்டிக்காரி என்று ஒரு பட்டமும் கொடுத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சித்தப்பா தன் பழைய லாரியோடு வந்தார். வாசலில் நிற்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். ஹீட்டர் சத்தம் போடுவது பற்றி, அந்தச் சத்தம் அவர் வாத்தியார் ஒருவரின் இருமல் போல் இருப்பது பற்றி, அந்த வாத்தியாரின் பூனை பற்றி.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. இடது, வலது, மறுபடி இடது என்று சுற்றச் சொல்லி அவரைக் குழப்பிவிட வேண்டும். தலை சுற்றிப் போகும்போது ஓடைப் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

“இடது பக்கம் திரும்புங்க சித்தப்பா.”

“சரி. இது பலகை ரோடு. இதுல மூணு ஸ்டாப். மூணாவது ஸ்டாப் பையன் தினமும் ஒரு கையுறையை விட்டுட்டு இறங்குவான். எப்பவும் இடது கை.”

எனக்குத் திக்கென்றது. சித்தப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பதினைந்து வருடமாக அதே சாலைகள். ஒவ்வொரு பள்ளத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவரையா நான் குழப்பப் போகிறேன்?

ஆனாலும் விடவில்லை.

“இப்ப வலது.”

“வலதுன்னா சுத்திக் கடைக்கே வந்துடுமே கண்ணு.”

“வரட்டும்.”

கடையைத் தாண்டினோம். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹைரம் தாத்தா கை காட்டினார். வேறு பக்கம் சுற்றினோம். மறுபடி கடை. ஹைரம் தாத்தா மறுபடி கை காட்டினார். மூன்றாவது முறை அவர் கை காட்டவில்லை. எழுந்து நின்று பார்த்தார்.

“சித்தப்பா, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்க முடியுமா?”

“ஓட்டும்போதா?”

“வேணாம், விடுங்க.”

மணி ஏழரை ஆகிவிட்டது. சாலையெல்லாம் சேறு. குளிர்காலம் முழுதும் உறைந்து கிடந்த மண் ஏப்ரலில் கூழாகிவிடும். ஒரு மேட்டில் சக்கரம் வழுக்கியது. சித்தப்பா லாரியை ஓரமாக நிறுத்தினார்.

“எனக்கு இடம் தெரியக் கூடாது. அதானே?”

நான் பொய்ப் பூச்சி டப்பாவைத் திறந்து மூடினேன்.

“அண்ணன் சொன்னானா?”

“ம்.”

“சொல்லுவான். சொல்ல வேண்டியதுதான்.” அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். “வீட்டுக்குத் திரும்பிடலாமா? தண்ணி அதிகமா இருந்துச்சு, இறங்க முடியலன்னு சொல்லிக்கலாம். நான் பாத்துக்கறேன்.”

அப்படிச் சொன்னால் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். “சரி” என்பார். கூரையைப் பார்ப்பார். அந்தச் “சரி”யை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

இன்னொரு பக்கம், அந்த ஓடையில் தண்ணீர் ஆழமாகத் தேங்கும் குளங்கள் மொத்தமே மூன்றுதான். எல்லாம் சேர்ந்தாலும் முப்பது மீன் இருக்காது. பத்தொன்பது வண்டி வந்தால் ஒரே வாரம். சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கலாம் என்று நினைத்தேன். அவர் தாராளமாகச் செய்து கொடுப்பார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பும் கொடுத்திருப்பார்.

கடைசியில், “நேராப் போங்க” என்றேன். “ரெண்டாவது வளைவுல இடது.”

“கோரா, யோசிச்சுத்தான் சொல்றியா?”

“யோசிச்சா சொல்ல மாட்டேன். போங்க.”

வண்டியை ஓடைக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. நின்றால் பார்த்தவன் கண்டுபிடித்துவிடுவான். அப்பா எப்போதும் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நிறுத்துவார். இறந்துபோன தகப்பன் மேல் அப்பாவுக்கு இருக்கும் பாசத்தை ஊரே மெச்சிக்கொண்டிருக்கிறது.

ஐயோ, கல்லறைத் தோட்டம் என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை. எங்கள் ஊரைச் சுற்றி ஒன்பது கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. தேடிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா இறங்கிக் கல்லறையைப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். என் கையிலிருந்த தூண்டில் கோலைப் பார்த்தார்.

“இங்கதான் நிறுத்துவானா?”

“ஆமா.”

“மாசத்துக்கு ரெண்டு தடவை அப்பாவைப் பாக்க வர்றானேன்னு நான் எத்தனை நாள் வெக்கப்பட்டிருக்கேன் தெரியுமா? ஒரு தடவை அழுதேகூட இருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் அடக்கவில்லை. தாத்தாவின் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

காட்டுக்குள் பனி இன்னும் முழங்கால் அளவு கிடந்தது. மேலே வெயில், கீழே ஈரம். கறுப்புப் பூச்சிகள் சில பனியின் மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தன. அப்பா செய்து கொடுத்த பொய்ப் பூச்சியும் அதே கறுப்பு, அதே அளவு.

ஓடை நான் தாண்டிக் குதிக்கிற அகலம்தான். முதல் குளம் மட்டும் கொஞ்சம் பெரியது. ஆனால் அதைச் சுற்றி ஆல்டர் புதர்கள் கையைக் கோத்துக்கொண்டு நிற்கும். கோலை வீச இடம் இருக்காது.

“மெதுவா நடங்க” என்றேன். “நீங்க பேசுறது மீனுக்குக் கேக்காது. காலடிதான் கேக்கும்.”

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. பேசலாம் என்று அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். காலைப் பஞ்சு போல் வைத்தார், அதில் குறை சொல்ல முடியாது. வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. டயர், பூனை, இடது கையுறைப் பையன். மீனுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கிறதே.

நான் முட்டி போட்டு முதல் பூச்சியை வீசினேன். பின்னால் போன தூண்டில் நரம்பு ஆல்டர் கிளையில் சுற்றிக்கொண்டது. இழுத்தேன். அறுந்தது. பூச்சி மேலே கிளையில் ஆடிக்கொண்டிருந்தது.

“ஆல்டர் மரம் நல்லா இரை எடுக்குது” என்றார் சித்தப்பா.

நான் நரம்பில் அடுத்த பூச்சியைக் கட்டினேன்.

இரண்டாவது பூச்சி சரியாக விழுந்தது. குளிர்ந்த தண்ணீரில் மீன் சோம்பேறி. தேடி வராது. அதன் மூக்குக்கு நேரே, அடியோடு, மெதுவாகப் பூச்சி போக வேண்டும். போனது. நரம்பு ஒரு நொடி நின்றது. மீன். கோலை லேசாகத் தூக்கினால் போதும்.

“இழு கோரா, இழு, இழு” என்று காதுக்குப் பக்கத்தில் கத்தினார் சித்தப்பா.

நான் பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தேன். நரம்பு அறுந்தது. மீனும் போனது, பூச்சியும் போனது. மிச்சம் ஒன்று.

“அடடா. நான் மட்டும் இழுத்திருந்தா...”

“சித்தப்பா, ஒரே ஒரு தடவை வாயை மூடிட்டு இருக்க முடியாதா உங்களால? இதனாலதான் அப்பா உங்களைக் கூட்டிட்டே வர்றதில்ல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. சித்தப்பாவின் பெரிய முகம் காது வரை சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கோபமும் இன்னும் மிச்சம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் வாய் திறக்காது.

அவர் மெதுவாக எழுந்தார். கீழ்ப்பக்கமாகச் சுற்றிப் போய், குளத்தின் வாலில், தண்ணீர் வெளியேறும் இடத்தில், அலை எழாமல் தண்ணீருக்குள் இறங்கினார். ஆல்டரின் பெரிய கிளைகள் இரண்டைப் பிடித்து வளைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். குளத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஜன்னல் அளவு திறப்பு கிடைத்தது. இப்போது பின்னால் வீசவே வேண்டாம். பூச்சியை விரலில் பிடித்து, கோலை வில் போல வளைத்து விட்டால் போதும்.

ஆனால் மீன்கள் பயந்து போயிருந்தன. குளம் ஆற வேண்டும். காத்திருந்தேன். பனியில் முட்டி மரத்துப்போனது. சித்தப்பா கிளையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அசையவில்லை. பேசவில்லை.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். மூன்றாவது பூச்சியை விட்டேன். திறப்புக்குள் போய், நுரைக்குப் பக்கத்தில் விழுந்து, அமிழ்ந்து, உருண்டு உருண்டு போனது. ஒன்றுமில்லை. மறுபடி விட்டேன். ஒன்றுமில்லை. நான்காவது தடவை நரம்பு நின்றது.

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. லேசாகத் தூக்கினேன்.

கோல் துடித்தது. மீன் அடியில் சுற்றியது, கல்லுக்குக் கீழே நுழையப் பார்த்தது, வெளியே வந்தது. கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன். வயிறு ஆரஞ்சு, துடுப்பு ஓரம் வெள்ளை, பக்கத்தில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். ஒன்பது அங்குலம். எங்கள் ஓடைக்கு அது பெரிய மீன். அப்பா சொல்லிக் கொடுத்தபடி கல்லில் ஒரே தட்டு. அந்தப் பகுதி எனக்குப் பிடிக்காது. அதனால் வேகமாகச் செய்துவிடுவேன்.

ஈரப் பாசியில் மீனைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சித்தப்பா இன்னும் கிளையோடு நின்றுகொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது.

“பிடிச்சாச்சு சித்தப்பா. விட்டுட்டு வாங்க. இப்ப பேசலாம்.”

அவர் கரையேறினார். வாயைத் திறந்தார். பல் கிடுகிடுத்தது. சொல் வரவில்லை. அவருடைய வலது பூட்ஸிலிருந்து சப்பு சப்பென்று தண்ணீர் வந்தது.

“பூட்ஸ் ஓட்டையா? எப்பலேருந்து?”

“போன வருஷத்துலேருந்து.”

“தண்ணிக்குள்ள எப்பலேருந்துன்னு கேட்டேன்.”

“இறங்கின உடனேயே.” அவர் கையை அக்குளில் வைத்துக்கொண்டார். “கோரா, ஒண்ணு சொல்லவா? என் காலுக்குப் பக்கத்துல உன் மீனைவிடப் பெரிசு ஒண்ணு வந்து நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. என்னையே பாத்துச்சு.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீதானே வாயை மூடுன்னே.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இவரை என்ன செய்வது?

லாரியில் ஹீட்டரை முழுதாக வைத்தோம். அது வாத்தியார் மாதிரி இருமியது. சித்தப்பா ஈரக் காலுறையைக் கழற்றி அதன் மேல் போட்டார். நாற்றம் சகிக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பங்குக்கு அதையாவது செய்ய வேண்டும்.

“அப்ப நான் சொன்னது... தப்பாச் சொல்லிட்டேன் சித்தப்பா.”

“தப்பில்ல. உண்மைதான்.” அவர் கண்ணாடி வழியாகக் கல்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பெல்க்னாப் ஓடையை நான் ஏமாந்து சொல்லல. பெருமைக்குச் சொன்னேன். எல்லாரும் என்னைச் சுத்தி உக்காந்து கேட்டாங்க. நல்லா இருந்துச்சு. அவ்ளோதான்.”

நான் அவருடைய காலுறையை ஹீட்டர் மேல் திருப்பிப் போட்டேன்.

வண்டியைக் கிளப்பியதும் அடுத்த தலைவலி. பெட்ரோல் காட்டும் முள் அடியில் கிடந்தது. மூன்று தடவை ஊரைச் சுற்றச் சொன்ன கெட்டிக்காரி யார்? நான்தான். பெட்ரோலும் ஊர்க் கடையில்தான் கிடைக்கும். மீன்பிடி காலத்தின் முதல் நாள், காலை பத்து மணிக்கு, ஊரே கடையில்தான் இருக்கும்.

இருந்தது. ஏழெட்டுப் பேர் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். சுவரில் கடைக்கார லொரேன் அக்காவின் கரும்பலகை. ஒவ்வொரு வருடமும் முதல் மீனை அதில் எழுதுவாள். யார், எத்தனை அங்குலம், எங்கே. “எங்கே” என்ற இடத்தில் வருடா வருடம் ஒரே சொல்தான் இருக்கும். இந்த வருடத்து வரி இன்னும் காலியாக இருந்தது.

“பெட்ரோல் போட்டுட்டு ஓடிடலாம் சித்தப்பா” என்றேன் கிசுகிசுப்பாக. அதற்குள் ஹைரம் தாத்தா பார்த்துவிட்டார். பையிலிருந்து வால் நீட்டிக்கொண்டிருந்தது.

“வெண்டல், இங்க வாடா. லொரேன், இவனுக்கு ஒரு காபி குடு. மேப்பிள் டோனட்டும் ஒண்ணு வை, என் கணக்குல.”

என் கணக்கு என்று ஹைரம் தாத்தா சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் நெருங்கி வந்தார்கள். மற்றவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வியைச் சித்தப்பாவிடம் கேட்பது எங்கள் ஊரில் ஒரு விளையாட்டு.

“காலையில மூணு ரவுண்டு சுத்தினீங்களே, எதைத் தேடிட்டு இருந்தீங்க?” என்றார் தாத்தா. “முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கே. எந்த ஊர்த் தண்ணி இது?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு பாப்பா. எங்க பிடிச்சே?”

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டுச் சித்தப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அதுதான் பத்திரம். அப்பா இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பதில் சொல்வேன் என்று அவருக்கும் தெரியும். அவருடைய வலது பூட்ஸிலிருந்து லொரேன் அக்காவின் தரையில் ஒரு சின்னக் குளம் உண்டாகியிருந்தது. இருபது நிமிடம். ஒரு சொல்கூட இல்லாமல்.

“சித்தப்பாவையே கேளுங்க” என்றேன். “பக்கத்துல நின்னது அவர்தான்.”

சித்தப்பா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் கரும்பலகையைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கத் தைரியம் இல்லை.

அவர் டோனட்டைக் கையில் எடுத்தார். ஒரு கடி கடித்தார். மென்றார்.

“ஹைரம் அண்ணே, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன” என்றார்.

போச்சு, என்று நினைத்தேன். பத்தொன்பது வண்டி. முப்பது மீன். எல்லாம் என்னால்.

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். ஏழெட்டுத் தலைகளும் குனிந்து கிட்டே வந்தன. லொரேன் அக்காகூடக் கல்லாவைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

“இவ இதைப் பிடிச்சது,” என்றார், “வாயில.”

லொரேன் அக்காதான் முதலில் சிரித்தாள். ஹைரம் தாத்தா டோனட்டைத் திருப்பிக் கேட்டார். அது சித்தப்பாவின் வாய்க்குள் போய்விட்டிருந்தது. லொரேன் அக்கா சாக்பீஸை எடுத்து எழுதினாள். கோரா. ஒன்பது அங்குலம். வாயில்.

நான் வெளியே வந்து லாரியின் மேல் சாய்ந்து நின்றேன். சித்தப்பா பெட்ரோல் போடும்போது குழாயை ஒரு தடவை தவறான பக்கம் கொண்டுபோனார்.

வீட்டில் அப்பா சோபாவில் இருந்தார். மீனைத் தட்டில் வைத்துக் காட்டினேன். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். விரலால் அதன் புள்ளிகளைத் தொட்டார். பிறகு வாசலில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தார். ஈரப் பேண்டைப் பார்த்தார். முகம் இறுகியது.

“எங்க பிடிச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வாயில, அண்ணே.”

“என்கிட்டயேவா?”

“யாரா இருந்தா என்ன. கேக்கக் கூடாது.”

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மீசை அசைந்தது. அப்புறம் தோள். அப்புறம் பிளாஸ்டர் போட்ட கால் உட்பட மொத்த ஆளும் குலுங்கினார். கால் மேசையில் இடித்தது.

“ஐயோ, என் கால். எந்த முட்டாள் மேசையை இங்க போட்டது? இந்தத் தலையணை வேற கல்லு மாதிரி இருக்கு. கோரா, காலையில அம்மா வச்சிட்டுப் போன காபியை வாயில வைக்க முடியல. பக்கத்து வீட்டு நாயை யாருமே அடக்க மாட்டீங்களா?”

அப்பாடா, என்று நினைத்துக்கொண்டேன். “வெண்டல், கதவைச் சாத்திட்டு உள்ள வாடா, குளிர் வருது” என்று அதையும் குறையாகவே சொன்னார் அப்பா.

மீனைச் சோள மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்தேன். அம்மாவுக்கு ஒரு துண்டு எடுத்து வைத்தது போக, ஒரு மீன் மூன்று பேருக்கு ஆளுக்கு இரண்டு வாய் வந்தது. சித்தப்பா தன் இரண்டு வாயையும் தின்றுவிட்டு, காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் பேச ஆரம்பித்தார். அப்பா அதே நேரத்தில் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் நிறுத்தவும் இல்லை. மத்தியானத்துக்குள் எனக்கு நிஜமாகவே தலை வலித்தது.

மே மாதம் பிளாஸ்டரை எடுத்துவிடுவார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை அதிகாலையில் அப்பா, சித்தப்பா, நான், மூன்று பேருமாகத் தாத்தாவின் கல்லறைக்குப் போகிறோம். ஊரே மெச்சப்போகிறது.